முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நூலகர்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கைப்பேசி வழியாக மின்நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு மூத்த நூலகரின் அனுபவம் வேண்டுமாம். கைப்பேசியை நூலகத்துக்குள் எடுத்தாலே முறைத்துப் பார்த்த ஆளை இதற்குப் போய்க் கூப்பிட்டது யாருடைய குறும்பு என்று தெரியவில்லை. மேடையேறி ஐந்து நிமிடம் பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல நினைத்து வந்தது ஒன்று. அதை மட்டும் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெண் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மேடம், நீங்க எதையோ முழுங்கிட்டீங்க. எழுதியாச்சும் குடுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக் காலத்தைச் சுருக்கிச் சொல்ல ஒரு பத்தி போதும். நூலகச் சான்றிதழ் படிப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகக் கடிதத்துக்காக நாலு வருடம் காத்திருந்து, ஒரு வழியாக அருப்புக்கோட்டையில் ஆறு மாதம் பயிற்சி. பிறகு பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கிளை நூலகத்தில் போட்டார்கள். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, மூன்று அலமாரி, இரண்டு பெஞ்சு. தினமும் டவுனிலிருந்து பஸ். நடுவில் வேறு ஊர்களுக்கு மாற்றல் வந்தது. கடைசியில் சேர்ந்த ஊருக்கே திரும்பி வந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

அந்த ஆறு மாதப் பயிற்சியில் நான் கற்றதெல்லாம் செல்லையா சாரிடம்தான். அப்போது அவர்தான் எங்கள் மேலதிகாரி. குள்ளமான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் மடித்த ஒரு பழைய வேட்டித் துண்டு. அது முகம் துடைக்க அல்ல, முத்திரை துடைக்க. பேசுவது ரொம்பக் குறைவு. நாம் தப்பு செய்தால் திட்ட மாட்டார். தப்பை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிக்கும்வரை நாம் அந்தத் தப்பைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். திட்டினால் தேவலை என்று இருக்கும்.

முத்திரை போடுவதை எனக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். ஒரு முத்திரை அடிக்க மூன்று நாளா என்று அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. முதலில் மை ஒற்றும் பஞ்சு அதிகமாக ஊறியிருக்கக் கூடாது. முத்திரையை அதில் வைத்து எடுத்ததும் நேராகப் புத்தகத்துக்குப் போகக் கூடாது. பழைய செய்தித்தாளில் ஒரு தடவை வைத்து, கூடுதல் மையைப் போக்க வேண்டும். பிறகு பக்கத்தில் வைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, நேராகத் தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் மை இழுபடும். மை காயும்வரை பக்கத்தை மூடக் கூடாது. “புத்தகத்துக்கு வலிக்கக் கூடாதும்மா” என்பார். எழுத்தின்மேல் படக் கூடாது, படத்தின்மேல் படவே கூடாது.

ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று இடத்தில் முத்திரை விழ வேண்டும். தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், அப்புறம் ரகசியப் பக்கம். இந்த மூன்றாவது நூலகருக்கு மட்டும் தெரிந்த பக்கம். புத்தகத்தைத் திருடுகிறவன் முன்னாலும் பின்னாலும் கிழித்துவிட்டு, இது என்னுடையது என்று சாதிப்பான். அப்போது நாம் அமைதியாக நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். எங்கள் கிளைக்கு அது முப்பத்தேழாம் பக்கம். இப்போது பார்கோடு வந்துவிட்டது, ரகசியம் உடைந்தால் பரவாயில்லை. அந்தப் பக்கத்தில் படம் இருந்தால் ஓரத்துக்குத் தள்ளிப் போட வேண்டும் என்பதும் விதியில் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை வைத்துக்கொள்ளவில்லை.

இனி கைப்பேசிக்கு வருகிறேன்.

எங்கள் நூலகத்தில் ‘கைப்பேசிக்கு அனுமதி இல்லை’ என்று பலகை எழுதி மாட்டியவள் நான்தான். அட்டையில் சிவப்பு மையால் என் கையாலேயே எழுதினேன். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகு, படிக்கும் இடத்தில் கல்யாணப் பேச்சும் ஆட்டு வியாபாரமும் நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மூன்று பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சினன். அவர் அதற்குப் பிறகு நூலகம் பக்கமே வரவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரு நாள் காலை, நாற்பது வயதிருக்கும், ஒருவர் வந்து மூலைப் பெஞ்சில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டை, லாரி டிரைவர். உட்கார்ந்ததும் போனை எடுத்தார். நான் ஸ்கேலால் மேஜையைத் தட்டி, பலகையைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து மரியாதையாக போனை என் மேஜையில் வைத்தார். “பேசலம்மா. வீரசோழன் ஊருக்கு லோடு. இங்கன கொஞ்சம் எறக்குறாக, ரெண்டு மணி நேரம் ஆவும். அதான் போன்ல முன்னாடியே எடுத்து வச்சதப் படிச்சிட்டிருக்கேன்” என்றார். திரையைப் பார்த்தேன். பழுப்பேறிய தாள், பழைய அச்சு, கப்பல் பயணம் பற்றிய ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் நூற்றுப் பதினாலாம் பக்கம். அந்த மாதிரி ஒரு புத்தகம் என் மூன்று அலமாரியிலும் இல்லை. என் வேலைக் காலத்திலேயே கண்ணால் பார்த்ததும் இல்லை.

“இது எங்கருந்து வந்துச்சு?” என்றேன்.

“மின்நூலகம்னு இருக்கும்மா. காசு கெடையாது. உங்களுக்குத் தெரியாதா?”

உண்மையிலேயே அவர் கேலி செய்யவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. சுற்றறிக்கை வந்திருந்தது, படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் குத்தி வைத்திருந்தேன். அதோடு சரி. அவர் போன பிறகு பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. சொந்தக் கையெழுத்து ஆயிற்றே. கீழே சின்ன எழுத்தில் ‘படிப்பதற்குத் தவிர’ என்று சேர்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், மகளிடம் போனை நீட்டி, இதில் எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடு என்று கேட்டேன். கேட்காதது வரும், தேடினது வராது, பக்கம் திறக்கும், சிக்னல் போகும். ஒரு மாதம் பாடாய்ப் பட்டு, ஒரு வழியாகப் பிடிபட்டது. எங்கள் ஊரில் நூலகத்துக்குள் பேச மட்டும்தான் சிக்னல் உண்டு, இணையம் வராது. கண்மாய்க் கரையில் ஏறினால் இரண்டு கோடு வரும். அதனால் நாலைந்து பேர் சாயந்திரம் கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யார் படிக்கிறார், யார் படம் பார்க்கிறார் என்று தூரத்திலிருந்தே எனக்குச் சொல்ல வரும். படிக்கிறவர் விரல் அடிக்கடி அசையாது.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது பேச்சி வந்தாள்.

பேச்சி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஐம்பது வயது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நூலகத்துக்கு அவள் வருவது தண்ணீர்க் குடத்தை வாசலில் இறக்கி வைத்து ஒரு நிமிடம் மூச்சு வாங்க மட்டும்தான். அன்றைக்கு உள்ளே வந்து மேஜைக்கு எதிரில் நின்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, பழைய பொஸ்தகம் எல்லாம் போன்ல வருதாமே. கரையில பேசிக்கிட்டாக.”

“வரும். என்ன வேணும்?”

“எங்க அய்யா போட்டோ வேணும்.”

அவளுடைய அம்மா இருளாயிக்கு உடம்பு ரொம்பத் தள்ளாமையாகி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். படுக்கையில் கிடக்கிறவள் ஒரு வாரமாக ஒன்றையே சொல்லிப் புலம்புகிறாளாம். புருஷன் முகம் நினைவுக்கு வரவில்லையாம். “வேட்டி தெரியுது, கை தெரியுது, நடை தெரியுது. மொகத்த மட்டும் காணோம்டி. அங்க போயி எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்னு கேக்குதுக்கா. ராத்திரி பகல்னு இல்ல, அழுதுக்கிட்டே இருக்கு” என்றாள் பேச்சி. சொல்லும்போது அவள் அழவில்லை. அடுப்படியில் நிற்கிறவர்களுக்குக் கண்ணீரை அடக்குவது பழக்கம்.

பேச்சியின் அப்பா பெயர் சோலை. கிணறு வெட்டுகிறவர். பேச்சி வயிற்றில் இருக்கும்போது, தூரத்து ஊரொன்றுக்குக் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனார். சேதி வந்து சேர்வதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போட்டோ எடுக்கும் வழக்கமெல்லாம் அந்த வீட்டில் ஏது? ஒரே ஒரு படம் உண்டு. அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டி, இந்தக் காட்டில் தண்ணீர் கண்டார்கள். அந்த வருடம் பள்ளிக்குப் பொன்விழா. விழா மலரில் நாலு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார் தலைமையாசிரியர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அது இருந்த கூரை வீடு ஒரு கோடையில் எரிந்துபோனது. பள்ளிக்கூடத்துப் பிரதியைத் தேடிப் பார்த்துவிட்டாள், இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். அவள் அம்மா இளவயதில் விதவைகளுக்கான உதவிக்கு எழுதிப் போட்டு எத்தனையோ ஆபீஸ் ஏறியவள். புருஷன் இறந்ததற்கு முத்திரை வைத்த காகிதம் கேட்டார்கள். செத்த ஊரில் போய்க் கேட்டால் அப்படி ஒரு ஆள் இங்கே வந்த பதிவே இல்லை என்றார்கள். புருஷன் பெயரைக் கேட்டால் அவள் சொல்லவும் மாட்டாள். அந்தக் காலத்துப் பெண், பேர் சொல்வது வழக்கமில்லை. பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். “அப்படி ஒரு ஆளே இல்லைங்கிற மாதிரி பேசிட்டாகன்னு ஆத்தா இப்பவும் சொல்லும்” என்றாள் பேச்சி.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ‘பொன்விழா மலர்’ என்று சொன்ன உடனேயே நிமிர்ந்து பார்த்தேன். ஏனென்றால் அந்த மலர் எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பழைய தலைமையாசிரியர் வீட்டிலிருந்து மூன்று சாக்குப் புத்தகம் நன்கொடையாக வந்தது. மறுநாள் செல்லையா சார் தணிக்கைக்கு வருகிறார். எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை போட்டு முடிக்க வேண்டும். ஒரே பகலில் போட்டேன். கட்டை விரலால் முப்பத்தேழாம் பக்கத்தைப் பிரிப்பது, வைப்பது, எடுப்பது. செய்தித்தாளும் இல்லை, எண்ணுவதும் இல்லை. மறுநாள் சார் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த மலரில் நின்றார். பக்கம் முழுக்க ஒரு புகைப்படம், கீழே மட்டும் பெயர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். ஊதா வட்டம் நடுவில் விழுந்திருந்தது. புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, “நாலு பேர் நிக்கிறாகம்மா. ஒருத்தர் மேல நாம ஏறி நிக்கிறோம்” என்றார். அவ்வளவுதான்.

யார்மேல் என்று அன்று நான் பார்க்கவில்லை. முகம் தெரியாத நாலு பேர், பழைய மலர், யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் எடுக்கவும் இல்லை. பல வருடம் கழித்து, செல்லரித்த புத்தகங்களை நீக்கும் பட்டியல் தயாரித்தபோது, அந்த மலரையும் அதில் சேர்த்தவள் நான்தான். பதிவு எண்ணைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, பழைய பேப்பர் எடுக்கிறவரின் வண்டியில் ஏற்றினேன். விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது.

இதையெல்லாம் பேச்சியிடம் சொல்லவில்லை. “தேடிப் பாக்குறேன், பேச்சி” என்றேன். வேறு ஏதாவது நூலகத்தின் பிரதி, முத்திரை ஓரமாக விழுந்த பிரதி, கிடைக்காதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மூன்று நாள் தேடினேன். மின்நூலகத்தில் சிறப்பு மலர்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் கூட்டுறவுச் சங்க மலர், கோயில் மலர், மாநாட்டு மலர் என்று ஆயிரக்கணக்கில் கிடக்கும். பள்ளிப் பெயரைப் போட்டால் வரவில்லை. ஒவ்வொரு அட்டையாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மதியம் நூலகத்தைப் பூட்டியதும் கண்மாய்க் கரையில் ஏறி, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆடு மேய்க்கிறவர்கள், டீச்சருக்கு என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு லைப்ரரியும் பள்ளிக்கூடமும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் அட்டை வந்தது. பள்ளிக் கட்டடத்தின் கோட்டோவியம், எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தொட்டேன். தலைப்புப் பக்கம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் செல்லரித்த மூலை. பிறகு ஊதா முத்திரை. அதற்குப் பக்கத்தில் பதிவு எண், என் இளவயது உருண்டைக் கையெழுத்தில். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே, நாங்கள் நீக்கிய பிறகு பச்சை மையில் யாரோ ஒருவர் போட்ட கையொப்பம். பழைய பேப்பர்க் கடையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் இதை எடுத்துப் போயிருக்கிறார், பத்திரமாக வைத்திருக்கிறார், பிறகு அது எப்படியோ நகலெடுக்கப் போயிருக்கிறது. நான் வேண்டாம் என்று எறிந்ததை ஊர் பேர் தெரியாத ஒருவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கு நன்றியும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

முப்பத்தேழாம் பக்கத்துக்குப் போனேன். சிக்னல் நின்று நின்று வந்தது. வானம் வந்தது, கிணற்று மேட்டு மண் வந்தது, நாலு தலைப்பாகை வந்தது. அப்புறம் நெற்றிகள். இடமிருந்து இரண்டாவது நெற்றியில் ஊதாக் கோடு தொடங்கியது. பக்கம் முழுதாக இறங்கிய பிறகு கீழே பெயர்களைப் படித்தேன். இடமிருந்து: வேலு, சோலை, முனியாண்டி, ராமர்.

குடையை மடக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் முத்திரை நடுவில் வெற்றாக இருக்காது, கிளையின் பெயர் குறுக்கே ஓடும். அந்தப் பெயர் அவருடைய மூக்கையும் இடக் கண்ணையும் மூடியிருந்தது. வலக் கண், மீசை, தாடை தெரிந்தன. மற்ற மூன்று பேரும் பளிச்சென்று இருந்தார்கள்.

பேச்சியிடம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். என் வேலைக் காலத்தில், இல்லாத புத்தகத்தை இல்லை என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பதை இல்லை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த சீல் மார்க்க எடுத்துரலாம் மேடம். இப்ப அதுக்கு ஆப் வந்திருச்சு, அதுவே மொகத்த நெரப்பிரும்” என்றான். ஐந்து நிமிடத்தில் நிரப்பியும் காட்டினான். ஊதா வட்டத்தைக் காணோம். கூர்மையான மூக்கு, இரண்டு பெரிய கண், லேசான சிரிப்பு. நல்ல அழகான ஆண்பிள்ளை. யார் என்றுதான் தெரியவில்லை.

“மூக்கு கொஞ்சம் சப்பையா வேணும்னா அதையும் மாத்தலாம். அவுக மூக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் மறந்துபோய்விட்டது. ஒரு நிமிடம், இதையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சாகப்போகிறவள் சந்தோஷமாகப் போகட்டுமே. ஆனால் அங்கே போய் அவள் இந்த மூக்கைத் தேடினால்? எனக்கு அப்படியெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் அவளுக்கு இருக்கிறதே. “வேணாம்ப்பா, அழிச்சிரு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே மதியம், பள்ளியில் சோறு போட்டு முடிந்ததும் பேச்சியோடு அவள் வீட்டுக்குப் போனேன். வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை, நீக்கல் பட்டியல், பொய், ஸ்டூடியோ. அவள் நடந்துகொண்டே கேட்டாள். வீட்டு வாசலில் நின்று, “ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. எனக்குச் சொல்லத் தெரியாது” என்றாள். கோபமா இல்லையா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

இருளாயி கட்டிலில் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். பேச்சி குனிந்து, “ஆத்தா, அய்யா போட்டோ கெடைச்சிருச்சு. லைப்ரரி அக்கா கொண்டாந்திருக்காக” என்றாள்.

கிழவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உடனே கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். அவள், “மொதல்ல என் மொகத்தத் தொடச்சு விடுடி” என்றாள்.

பேச்சி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதி முடிந்துவிட்டு, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். நான் போனின் வெளிச்சத்தைக் கூட்டி, படத்தைப் பெரிதாக்கி, அவள் முன்னால் பிடித்தேன். அவள் விரலால் தொட்டாள். தொட்டதும் படம் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

“எங்குட்டுப் போறாக?” என்று பதறினாள்.

“தொடாமப் பாரு ஆத்தா. தொட்டா நகளும்” என்றாள் பேச்சி. நான் படத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை கிழவி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

யார் எவர் என்று நாங்கள் சொல்லவில்லை. அவளே இரண்டாவது ஆளைப் பார்த்து, “கடப்பாறையத் தோள்ல சாச்சுக்கிட்டு நிக்கிறாக பாரு. இப்படித்தான் நிப்பாக. வீட்டு வாசல்லயும் இப்படித்தான்” என்றாள். பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். நான் இன்னும் பெரிதாக்கினேன். அந்த ஒற்றைக் கண் திரையில் பெரிதாக வந்து நின்றது. அவள் மூச்சு போனில் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. எனக்குக் கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன்.

“வந்திருச்சுடி,” என்றாள் மெதுவாக. “மொகம் வந்திருச்சு. இந்தக் கண்ணு போதும். மிச்சம் எனக்குத் தெரியும்.”

பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் தப்பித்தேன் என்று அப்போதே எழுந்து வந்திருக்கலாம். அப்போது கிழவி, “ஆமா, அவுக மூஞ்சில இது என்ன வட்டமா?” என்றாள்.

“சீலு ஆத்தா. லைப்ரரி சீலு. அந்தப் பொஸ்தகத்துல நான்தான் போட்டேன். வேலைக்கு வந்த புதுசு, அவசரத்துல பாக்காமப் போட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் மொகத்த மறைச்சது நான்தான். மன்னிச்சிருங்க” என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“சீலா?” என்றாள். “கவுருமெண்டு சீலா?”

“ஆமா.”

“நீயா தாயி போட்ட?”

நான் தலையை ஆட்டினேன். கிழவி என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, போனைப் பிடித்திருந்த என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெயிலில் கிடந்த துணி மாதிரி லேசாக, சூடாக இருந்தது அந்தக் கை.

“எத்தன ஆபீஸுப் படி ஏறியிருப்பேன். இப்படி ஒரு ஆளு இருந்தாகங்கிறதுக்கு சீலு வச்ச காகிதம் கொண்டான்னு சொன்னாக. கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டேன், ஒருத்தரும் போட்டுத் தரல” என்றாள். பேச்சியின் பக்கம் திரும்பினாள். “ஏ, பேச்சி. இங்க பாருடி. போட்டிருக்கு. அவுக மேலயே போட்டிருக்கு.”